பத்தொன்பதாவதின் பூர்வீகம்

இன்னும் எட்டு. டெஸ்க்குக்கு அடியில் ஆன்சிலா மறுபடியும் விரல் மடக்கிப் பார்த்தாள், எட்டேதான். கோமதிநாயகம் சார் ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியலில் இப்போது பதினொன்றில் நிற்கிறார், பத்தொன்பதுக்கு வந்துவிட்டால் போதும், ஆள் காலி. ‘ரைட் டவுன் சில்ட்ரன், நம்பர் லெவன், பரி தி ஹாட்செட்’ என்று அவர் சொல்ல, பன்னிரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் பேனாக்கள் எல்லாம் தலையாட்டின, ஆன்சிலாவின் பேனாவும் ஆட்டியது, வாய்க்குள் நாக்கு மட்டும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. முதல் வார்த்தையை மூக்கில் எடுக்கணும், கடைசி வார்த்தையைத் தொண்டைக்குள் இறக்கணும், நடுவில் ஒரு கனைப்பு, க்ஹும், அவ்வளவுதான் சார், மொத்த மனுஷரையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடலாம். ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று வருத்தம் தெரிவிக்கிற பெண்ணை இரண்டே நாளில் பிடித்தவள் அவள். பங்குச் சாமியாரின் பிரசங்கம், பழைய பஸ் ஸ்டாண்டு கண்டக்டரின் ‘ஏறு ஏறு ஏறு’, பி.டி. சாரின் விசிலுக்கு முந்தைய மூச்சு என்று ஊரில் பாதிப்பேர் அவள் வாய்க்குள்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் இவரை மட்டும் பதினொரு மாதமாகச் செதுக்கியிருக்கிறாள். மனசுக்குப் பிடித்தவர்களின் குரல் சரியாக வருவதில்லை, எங்கேயோ கொஞ்சம் இளகிவிடும். அப்பா குரல் அவளுக்கு இன்றுவரை வந்ததில்லை. சார் சொல்லிக்கொண்டு போனார், சண்டையை விட்டுச் சமாதானமாவது என்று அர்த்தம், பூர்வீகம், அமெரிக்கப் பழங்குடிகள் சமாதானம் பேசும்போது கோடாலியை மண்ணில் புதைத்துவிடுவார்களாம். புதைக்கட்டும், நல்லா ஆழமாகப் புதைக்கட்டும். ஆன்சிலா புதைக்கிற ஆள் இல்லை.

பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் லலிதாங்கி மேடம் உட்கார்ந்திருந்தார். மதுரைப் பக்கம் ஏதோ கல்லூரியில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவராம், புது நிர்வாகம் கூட்டி வந்திருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசியில் உட்கார்ந்து கேட்டு, மடியில் இருக்கிற நோட்டில் எழுதுவார், அவர் சரி என்று சொல்லாதவர்களுக்கு மே மாதத்தோடு வேலை இல்லை. நேற்று வேதியியல் சார் வகுப்பை முடித்துவிட்டு வராந்தாவில் நின்று ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். இன்றைக்கு கோமதிநாயகம் சாரின் முறை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் அந்தப் பழைய நோட்ஸ், மஞ்சள் பூத்த தாள்கள், ஓரமெல்லாம் பிசிறு, நடுவில் இரண்டு தாள் மட்டும் வெள்ளை. அந்த இரண்டு வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் ஆன்சிலாவுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன, எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. ‘நம்பர் டுவெல்வ், பைட் தி புல்லட்’. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பது, மயக்க மருந்து இல்லாத காலத்துப் போர்க்களத்தில் காயம்பட்ட சிப்பாய் வாயில் தோட்டாவைக் கொடுத்து அறுப்பார்களாம். பக்கத்தில் நஸீமா, ‘ஏட்டி, என்ன தன்னால சிரிக்க? அந்தம்மா பாக்குது’ என்று எழுதுகிற மாதிரியே குனிந்து முணுமுணுத்தாள். ‘சும்மா இரி, இன்னும் ஏழு’ என்றாள் ஆன்சிலா. ‘என்ன ஏழு?’ ‘படம் போடுறதுக்கு ஏழு நிமிஷம்.’ நஸீமாவுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. நல்ல வேலை என்றால் ஒருத்திக்குத்தான் தெரியவேண்டும்.

போன மே மாதம் சிறப்பு வகுப்பில் யாரோ தட்டிவிட்ட டீ இந்த நோட்ஸில் கொட்டியது. தட்டிவிட்டது யார் என்பது வேறு கதை. இரண்டு தாள் கரைந்து போக, ‘எழுத்து நன்றாக இருப்பவள் யார், ஆன்சிலாவா, இதை அழகாகக் காப்பி செய்து நாளைக்குக் கொண்டு வா’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். கொண்டுபோய் வீட்டில் வைத்து அவள் அழகாக எழுதவில்லை, அவரைப் போலவே எழுதினாள். குரல் வருகிறவளுக்குக் கை வராதா? அந்த ‘ஜி’க்கு வால் சுழிக்கிற திமிர், ‘டி’க்குக் கோடு போட மறந்து அடுத்த வார்த்தையில் சேர்த்துப் போடுகிற சோம்பல், எல்லாம் அச்சு அசல். பதினாறு, பதினேழு, பதினெட்டு வரை ஒழுங்காகத்தான் போனாள். பத்தொன்பதில் தி ஹோல் நைன் யார்ட்ஸ், அர்த்தம், ஒன்றும் மிச்சம் வைக்காமல் முழுசும். பூர்வீகம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே வார்த்தை, தெரியவில்லை என்று. எல்லாம் தெரிந்த கோமதிநாயகத்துக்குத் தெரியவில்லை! அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் கை அரித்தது. ஆறு வரி. வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவரின் பெண்டாட்டி, திருநெல்வேலிச் சீமையில், ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டச் சொன்னாளாம், ஒன்பது கஜம் விரிந்துகொண்டே போக, வாய் பிளந்து ‘முழு ஒன்பதும் எனக்கு’ என்றாளாம், அங்கிருந்து லண்டன் போய்ப் பரவியதாம். எழுதி முடித்துவிட்டு ஆன்சிலா தரையில் உருண்டு சிரித்தாள். ‘என்ன பிள்ள பேய் புடிச்சிருக்கா’ என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். மறுநாள் கொடுத்தபோது வாங்கிப் பார்த்து, ‘நாட் பேட்’ என்று சொருகிக்கொண்டார். அவ்வளவுதான். படிக்கக்கூட இல்லை. ஜூனில் ‘ஏ’ பிரிவில் சொன்னார். ஆகஸ்டில் கரஸ்பாண்டன்டிடம் சொன்னார். ஆண்டு மலரில், ‘ஆங்கிலத்துக்கு நம் மண் தந்த கொடை’ என்று படத்தோடு கட்டுரையே வந்தது. அவள் பொய் வேட்டி கட்டிக்கொண்டு ஊர்வலம் போனது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் காதுபட வரப்போகிறது, அதுவும் இந்த அம்மா முன்னால்.

‘தர்ட்டீன், டர்ன் எ பிளைண்ட் ஐ.’ தெரிந்தும் தெரியாததுபோல இருப்பது, ஒரு கப்பற்படைத் தளபதி பின்வாங்கச் சொன்ன கொடியைப் பார்க்காதிருக்க, குருட்டுக் கண்ணில் தொலைநோக்கியை வைத்தானாம். கெட்டிக்காரன். ஆனால் சாருக்கு ஞாபகம் வந்துவிட்டால்? இரண்டு தாள் ஏன் வெள்ளை, யார் காப்பி பண்ணினா, கூப்பிடு அவளை. அடுத்த வாரம் ஹால் டிக்கெட். டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டால் அப்பா என்ன செய்வார், ஒன்றும் செய்யமாட்டார், சிரிப்பார், அதுதான் பிரச்சினையே, அந்தச் சிரிப்பு. வேண்டாம், அங்கே போகாதே. பலகையைப் பார். ‘ஃபோர்ட்டீன், த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்.’ தள்ளாடுகிற குடிகாரன். ‘ஷீட்ஸ் என்றால் கப்பலின் பாய். மூன்று பாயும் காற்றில் அவிழ்ந்தால் கப்பல் தள்ளாடும்’ என்று சார் கையை ஆட்டிக் காட்டினார். தப்பு. பாய் இல்லை, பாயை இழுத்துக் கட்டுகிற கயிறு. அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, அப்பா தோணியில் அந்தக் கயிறு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நாலு வயதிலேயே பார்த்திருக்கிறாள், வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு. திரும்பிப் பார்க்காமலே, பின்னால் மேடத்தின் பேனா காகிதத்தில் ஓடுவது கேட்டது. ஒரு சின்னக் கீறல். அப்போ அந்தம்மாவுக்கும் தெரியும். ஆன்சிலாவுக்குத் தொடையெல்லாம் புல்லரித்தது. ‘ஃபிஃப்டீன், தி பிட்டர் எண்ட்.’ எது வந்தாலும் கடைசிவரை. நங்கூர வடத்தின் கடைசி முனை, கப்பலோடு கட்டியிருக்கிற முனை, அதுவரை வடம் ஓடிவிட்டால் அதற்குமேல் விட ஒன்றுமில்லை. இது சரி. விடுங்க சார், ஓடட்டும் வடம்.

பதினாறு போனது, பனிக்கட்டியை உடைப்பது. சார் வெள்ளைத் தாளுக்கு வந்துவிட்டார், அவள் எழுதியதை அவர் எழுத்தென்று நினைத்து அவர் வாசிக்க, அவர் குரலை அவள் வாய்க்குள் போட்டுக்கொண்டு கூடவே வாசித்தாள், இரண்டும் ஒரே இடத்தில் கனைத்தன. பதினேழு, லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக், ரகசியத்தை வெளியே விடுவது, சந்தையில் பன்றிக்குட்டி என்று சொல்லிச் சாக்குக்குள் பூனையைக் கட்டி விற்பார்களாம் என்று ஒரு பேச்சு. சாக்கு அசைகிறது சார், உங்கள் கையில்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதில் சிவப்பு ரிப்பன் கட்டின ஒல்லிப் பிள்ளை சாருடைய மகள், அப்பாவைப் போலவே கொஞ்சம் கோணலாக நிற்கும். மே மாதத்துக்குப் பிறகு அது எந்தப் பள்ளிக்கூடக் குழாயில். அதை எதுக்கு நினைக்க? அவர் நினைச்சாரா? ‘எய்ட்டீன்’ என்றார் சார், ‘ரெட் ஹெரிங்’ என்றார், ஆன்சிலாவின் பேனா நின்றது. கவனத்தைத் திருப்பிவிடுகிற பொய்த் தடயம், ஹெரிங் என்பது ஒரு மீன், புகையில் வாட்டிச் சிவந்த மீன், வேட்டை நாய்களின் மோப்பத்தைக் கலைக்க இழுத்துக்கொண்டு போவார்களாம். ‘லைக் அவர் கருவாடு’ என்று சார் மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். கருவாடு என்று அந்த வாயால் சொல்லாதே. சொல்லாதே.

போன மார்ச். போகாதே என்றாலும் இதோ போய்விட்டது. அப்பா ரெமிஜியுஸ், மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப்போகிற தோணியில் வேலை, பதினெட்டு நாள் கழித்துக் கரை தொட்டவர், மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடவேண்டும் என்று அம்மா போனில் சொன்னதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் துறைமுகத்திலிருந்து நேரே வந்துவிட்டார். தோணிக்குப் பூசுகிற கறுப்புக் கீல் ஒட்டின கால்சட்டை. செருப்பை வாசலிலேயே மரியாதையாகக் கழற்றிவிட்டதால் ஆபீஸ் ரூம் வெள்ளைத் தரையில் வரிசையாகக் கறுப்புக் கால்தடம். ஆன்சிலா அங்கேதான் சுவரோரமாக நின்றிருந்தாள், கழுத்தில் கட்டையோடு. பள்ளிக்கூட வளாகத்தில் தமிழ் பேசினால் கழுத்தில் மாட்டுகிற கட்டை அது, உள்ளங்கை அகலம், பச்சை நாடா, பளபளவென்று வார்னிஷ். அடுத்தவள் பேசி மாட்டுகிறவரை அதை இறக்க முடியாது. அப்பா அதைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது. ‘என்ன பிள்ள, பரிசா?’ என்றார். பதில் சொன்னால் தமிழ். சொல்லாவிட்டால். ‘ஆமாப்பா’ என்றாள். கையெழுத்துப் போடக் குனிந்தவர் தரையைப் பார்த்துத் தன் காலைப் பார்த்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு காலை மற்றொன்றின்மேல் ஏற்றிக்கொண்டு நின்றார், ஆறடி ஆள். அப்போதுதான் மேசைக்கு அந்தப்பக்கமிருந்து கோமதிநாயகம் சார், கணக்கு நடத்துகிற ஹில்டா மிஸ்ஸைப் பார்த்து, மூக்கில் தொடங்கித் தொண்டையில் இறக்கி, ‘ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்’ என்றார், தனக்குப் பொருந்தாத இடத்தில் வந்து முழிக்கிறவன் என்று அர்த்தம். ஹில்டா மிஸ் சிரித்தாள், ஹெக் ஹெக் ஹெக் என்று, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, மூடி இறுகின ஜாடியைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்பாவுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியும். ‘ஆமா சார், மீனுதான்! வேணுமா சார்? அடுத்த நடை வரும்போது மாசிக் கருவாடு கொண்டாறேன், மாலத்தீவு மாசி, தேங்காப்பூவுல போட்டு இடிச்சா அப்டி இருக்கும்’ என்று அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சொன்ன மாதிரியே கொண்டுவந்தார். ஒரு கிலோ, செய்தித்தாளில் சுற்றி, அவள் கையிலேயே கொடுத்துவிட்டார், ‘சாருக்குக் குடு, நல்ல மனுஷன்’. அவள் கொடுத்தாள். அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அப்பா இப்பவும் கேட்கிறார், ‘அந்தப் பரிச வீட்டுக்குத் தரமாட்டாகளா பிள்ள? ஆணி அடிச்சி வச்சிருக்கேன்.’ ஆணி அடித்துத்தான் இருக்கிறது, மாதா படத்துக்குப் பக்கத்தில், வெறும் ஆணி.

‘நைன்ட்டீன்.’ ரத்தம் காதுக்கு ஏறியது. நஸீமா ஏதோ கேட்டாள், கேட்கவில்லை. சார் நோட்ஸை மேசையில் வைத்தார். வைத்துவிட்டாரே, பார்த்து வாசிக்கப் போவதில்லையா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், குதிகாலில் ஒருமுறை எழும்பி இறங்கினார். ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ். இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். ‘இது என் குடும்பச் சொத்து. அந்த ஜவுளிக்கடை அம்பாசமுத்திரத்தில் இருந்தது. அந்தச் சேலையை விரித்துக் காட்டியது என் கொள்ளுத்தாத்தா.’ ஆன்சிலாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. கொள்ளுத்தாத்தாவா? எங்கேயிருந்து வந்தார் கொள்ளுத்தாத்தா? அவள் ஆறு வரியில் அப்படி ஒரு ஆளே கிடையாது! சேலைக்கு இப்போது மாம்பழ நிறம் வேறு வந்திருக்கிறது, கலெக்டர் பெண்டாட்டிக்கு மார்கரெட் என்று பெயர், சாரட்டு வண்டி, இரண்டு குதிரை. திருட்டுப் பயல். அவள் தரையில் உருண்டு பெற்ற பொய்யைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் குடும்ப அட்டையில் சேர்த்துவிட்டான். கொள்ளுத்தாத்தாவின் குரலைக்கூடப் போட்டுக் காட்டினார், நடுங்குகிற குரல், மோசமில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. முடித்தபோது அவர் கண் பளபளத்தது. நம்பிவிட்டார். மனுஷன் நிஜமாகவே நம்பிவிட்டார்.

‘ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு’ என்ற குரல் பின்னாலிருந்து வந்தது, மெதுவாக, பஞ்சு மாதிரி, அதுவும் தமிழில். இந்த வளாகத்தில் தமிழ்! யார் போய் அந்த அம்மா கழுத்தில் கட்டையை மாட்டுவது? ‘நான் இந்தத் தொடர் பின்னாடி ரொம்ப வருஷம் அலைஞ்சிருக்கேன் சார். அமெரிக்காப் பக்கம், நூறு, நூத்திச் சொச்சம் வருஷத்துக்கு முந்தி பத்திரிகைகள்ல தட்டுப்படுது. அதுக்கும் முன்னாடி ஒண்ணும் கிடைக்கல. ஏன் ஒன்பது, எதுல ஒன்பது, யாருக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுதான் இதுக்குச் சரியான பதில். உங்க தாத்தா கதை எங்க பதிவாகியிருக்கு?’ சார் சிரித்தார். ‘என் நோட்ஸில் மேடம்’ என்றார். ‘நோட்ஸுக்கு முன்னாடி?’ நோட்ஸைத் தூக்கினார், அந்த வெள்ளைத் தாளைத் திருப்பினார், முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். ‘என் கையெழுத்துதான்’ என்றார், யாரும் கேட்காமலே. ‘நான்தான் எழுதியிருக்கேன்.’ அவருக்கும் இப்போது தமிழ் வந்துவிட்டது. ‘சரி, கடை எந்தத் தெருவுல இருந்தது?’ பலகைத் தூசி பிடித்த கையை அவர் கால்சட்டையில் துடைத்தார், கறுப்புத் துணியில் வெள்ளையாக ஐந்து விரல் விழுந்தது, அதைக் குனிந்து பார்த்துவிட்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு காலை மற்றொரு காலின்மேல் ஏற்றிக்கொண்டார்.

இதுதான். இதற்குத்தான் பதினொரு மாதம். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் பூசை நேரத்திலும் உதட்டுக்குள் உருட்டி உருட்டி வைத்திருந்தது தொண்டையில் தயாராக வந்து உட்கார்ந்திருக்கிறது, கல் மாதிரி, கனமாக. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை. சொன்னால் அந்த அம்மா பார்ப்பாள், எழுதுவாள், எழுதட்டும். சிவப்பு ரிப்பன் பிள்ளை குழாயை மூடிவிட்டுப் போய்விட்டது, நல்லது. ஆன்சிலா முன்னால் இருந்தவளின் ஜடைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தினாள், மூக்கில் எடுத்தாள், கனைத்தாள், தொண்டைக்குள் இறக்கினாள்: ‘ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்.’ அச்சு அசல். கோமதிநாயகம் சாரின் வாய் மூடியிருக்க, கோமதிநாயகம் சாரின் குரல் அறை முழுக்க நின்றது. வகுப்பே வெடித்துவிட்டது, டெஸ்க்கைத் தட்டினார்கள், நஸீமா குனிந்து முன் பெஞ்சில் முட்டிக்கொண்டாள். ஆன்சிலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெளுக்கும், சிவக்கும், நடுங்கும், எல்லாம் பார்த்துவிடவேண்டும். வெளுக்கவில்லை. யாருக்கும் தன் குரலை வெளியிலிருந்து கேட்டுப் பழக்கமில்லை, அது அவளுக்குத் தோன்றாமல் போயிற்று. அவர் காதில் விழுந்தது ஏதோ ஒரு பிள்ளையின் குரல், அவருடைய பட்டியலிலிருந்து ஒரு தொடர், வகுப்பே சந்தோஷமாகச் சிரிக்கிற சத்தம். முகம் அப்படியே மலர்ந்தது. ‘ஆமா மேடம்!’ என்று அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ‘அது இருபத்தாறாவது! நாளைக்கு வருது, நீங்க அவசியம் இருந்து கேக்கணும், ரொம்ப நல்லா இருக்கும்.’ லலிதாங்கி மேடம் அவரைப் பார்க்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, வரிசை வரிசையாக ஜடைகளுக்கு ஊடே தேடி, ஆன்சிலாவின் முகத்தில் வந்து நின்றார், பார்வை நகரவில்லை. சிரிப்பை நிறுத்தணும் என்று ஆன்சிலா கையை வாயில் பொத்தினாள், அது விரலிடுக்கில் வந்துகொண்டே இருந்தது. நஸீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இடுப்பில் இடித்தாள். ‘ஏட்டி, போதும்டி. இப்ப எதுக்கு ஹில்டா மிஸ் மாதிரி சிரிக்க?’

ஆன்சிலா யார் மாதிரியும் சிரிக்கவில்லை.